உதட்டுக் கொப்புளமும் ஒரு குப்பி புரதமும்

அச்சங்குளம்னு சொன்னா உங்கள்ல பல பேருக்கு 2021 பிப்ரவரி 12 வெடிவிபத்துச் செய்திதான் ஞாபகம் வரும். நான் இன்னைக்குப் பேசப்போறது வேற விஷயம். அந்த ஊர்ப்பக்கம் பயர் ஆபீஸ் வேலைக்குப் போற எங்க பெரியம்மா மகளோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பத்தி. அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன், பேரு மட்டும் வேண்டாம்னாங்க.

அக்காவுக்கு ரெண்டு தடவை கரு கலைஞ்சிருச்சு. 'டார்ச்' டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, ஹெர்பிஸ்னு சில தொற்றுகளை ஒண்ணாப் பார்க்கிற டெஸ்ட். ரிப்போர்ட்டுல ஒரு வரி: 'ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1, 2 ஐஜிஜி: பாசிட்டிவ்'. வீட்டுல ஒரு தம்பி கூகுள்ல தேடி, பாலியல் நோய்னு சத்தமாப் படிச்சிட்டான். மாமியார் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "என் மகனுக்கு இல்லாத சீக்கு இவளுக்கு எங்க இருந்து வந்துச்சு?"

அக்கா எனக்கு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்புனாங்க. ஏன்னா நான் சென்னையில ஒரு ஆய்வகத்துல இந்த மாதிரி டெஸ்டுகளுக்கான புரதம் தயாரிக்கிற வேலையில இருக்கேன். 'ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் உறைப் புரதம், மறுசேர்க்கை முறையில் தயாரித்தது, ஆராய்ச்சிக்கு மட்டும்'னு லேபிள் ஒட்டின சின்னக் குப்பி. ஆங்கிலத்துல அதுக்குப் பேரு வயல். "எங்க கரிசக்காட்டுல ஏது வயலு"ன்னு எங்க அம்மா கேலி பண்ணுவாங்க.

அக்காவுக்கு நான் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்றேன். வெடிக்கு உள்ள இருக்கிறது மருந்து, வெளிய இருக்கிறது காகிதமும் லேபிளும். வைரஸும் அப்படித்தான். உள்ள இருக்கிற டிஎன்ஏதான் மருந்து. வெளிய கொழுப்பாலான ஒரு உறை, அதுல ஒரு டஜனுக்குக் குறையாத வகையில சர்க்கரை ஒட்டின புரதங்கள் நீட்டிக்கிட்டு இருக்கும். அதுல 'ஜி-டி'ங்கிற புரதம் நம்ம செல் மேல இருக்கிற நெக்டின்-1 மாதிரியான புரதத்தைப் பிடிச்சுக்கிட்டாத்தான் வைரஸ் உள்ள நுழைய முடியும். நம்ம உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்யுறதும் இந்த லேபிள்களைப் பார்த்துத்தான்.

எங்க குப்பியில இருக்கிறது அந்த லேபிள் மட்டும். மருந்து கிடையாது, யாருக்கும் தொத்தாது. எப்படிச் செய்யுறோம்னா, ஜி-டிக்கான மரபணுவுல உறைக்குள்ள செருகி இருக்கிற வால் பகுதியை வெட்டிட்டு, மீதியை பூச்சியோட செல்லுக்குள்ள அனுப்புறோம். எந்தப் பூச்சி தெரியுமா? 2018-ல நம்ம ஊர் மக்காச்சோளத்தை மொட்டையடிச்சுதே, அதே படைப்புழு! அதோட கூட்டுப்புழுவின் சினைப்பையில இருந்து எடுத்த செல்களை 1970-கள்ல இருந்து ஆய்வகங்கள்ல வளர்த்துக்கிட்டு வர்றாங்க. விருதுநகர் விவசாயி மருந்தடிச்சுக் கொல்லப் பார்த்த பூச்சியோட செல்லுக்கு நான் இங்க 27 டிகிரியில சத்துத்தண்ணி ஊத்தி வளர்க்கிறேன். பாக்டீரியாவுலயும் இந்தப் புரதத்தைச் செய்யலாம், செலவு குறைவு. ஆனா அது சர்க்கரையைச் சரியா ஒட்டாது, மடிப்பும் பிசகும். மடிப்பு பிசகினா எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரியாமப் போயிடும். புரதத்தோட நுனியில ஆறு ஹிஸ்டிடின் வச்சுவிட்டா நிக்கல் அதைப் பிடிச்சுக்கும், மத்த அழுக்கைக் கழுவிடலாம். கடைசியில கிடைக்கிறது 100 மைக்ரோகிராம்னு வைங்க, தூள் உப்புல ஒண்ணு ரெண்டு பரல் எடை. அதைச் சின்னச் சின்னதாப் பிரிச்சு மைனஸ் 80-ல வைக்கணும். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வச்சா கெட்டுப்போகும்.

இந்த ஜி-டியையே தடுப்பூசியா ஊசி போட்டும் பார்த்தாங்க. 8,323 பெண்களை வச்சு அமெரிக்காவுலயும் கனடாவுலயும் நடந்த சோதனை, முடிவு 2012-ல வந்துச்சு. ஹெர்பிஸ் டைப் 1-ஆல வர்ற பிறப்புறுப்பு நோயை 58 சதவீதம் தடுத்துச்சு. டைப் 2-ஐத் தடுக்கல. அவங்க போட்டதோ டைப் 2-ஓட ஜி-டி! இன்னைக்கு வரைக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்குத் தடுப்பூசி சந்தைக்கு வரல.

சரி, அக்கா ரிப்போர்ட்டுக்கு வர்றேன். டைப் 1 பெரும்பாலும் வாய்ல, உதட்டுல வரும். உலகத்துல 50 வயசுக்கு உட்பட்டவங்கள்ல 380 கோடிப் பேருக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது நூத்துக்கு 64 பேர். சின்னப் பிள்ளையில யாராவது கொஞ்சி முத்தம் கொடுத்தே வந்திருக்கும். டைப் 2-தான் பெரும்பாலும் உடலுறவு வழியா வர்றது. சிக்கல் என்னன்னா, ரெண்டு டைப்போட ஜி-டியும் சுமார் 85 சதவீதம் ஒண்ணு. ஒரே லேபிளை ரெண்டு கம்பெனி அச்சடிச்ச மாதிரி. ஜி-டியையோ, முழு வைரஸை நொறுக்கின கலவையையோ தட்டுல பூசி டெஸ்ட் பண்ணினா, எந்த டைப்புக்கான எதிர்ப்பொருளா இருந்தாலும் வந்து ஒட்டிக்கும், நிறம் மாறும், பாசிட்டிவ். பிரிச்சுப் பார்க்கணும்னா 'ஜி-ஜி'ங்கிற வேற உறைப் புரதம் வேணும். டைப் 1-ல அது 238 அமினோ அமிலம், டைப் 2-ல 699. குழப்பத்துக்கு இடம் ரொம்பக் குறைவு.

அக்காவுக்கு எடுத்தது பிரிக்காத டெஸ்ட். மதுரையில ஜி-ஜி வச்சு மறுபடி எடுத்தோம். டைப் 1 பாசிட்டிவ், டைப் 2 நெகட்டிவ். மாமாவுக்கும் எடுக்கச் சொன்னேன், அதே முடிவு. வருஷத்துக்கு ரெண்டு தடவை அவருக்கு உதட்டுல கொப்புளம் வரும், சூட்டுக் கொப்புளம்னு வெந்தயம் ஊற வச்சுக் குடிப்பாரு. அந்த பழைய எதிர்ப்பொருளுக்கும் கரு கலைஞ்சதுக்கும் முடிச்சுப் போட முடியாது, வேற காரணம் தேடணும்னு அங்க மகப்பேறு டாக்டர் சொன்னாங்க. தேடிக்கிட்டு இருக்காங்க. மாமியார் மன்னிப்பெல்லாம் கேட்கல.

ஜி-ஜி டெஸ்டும் கடவுள் வாக்கு இல்ல. டைப் 2 எண் 1.1-க்குக் கொஞ்சம் மேல, 3-க்குக் கீழ இருந்தா அது பொய்யா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனாலதான் அமெரிக்காவோட தடுப்பு மருத்துவப் பணிக்குழு, அறிகுறி இல்லாதவங்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையே வேண்டாம்னு 2016-லயும் 2023-லயும் சொல்லுச்சு. நம்ம ஊர்லயோ கல்யாணத்துக்கு முன்னாடி 'ஃபுல் பாடி பேக்கேஜ்'னு இதையும் சேர்த்து விக்கிறாங்க. எனக்கு அதுல கோபம் உண்டு.

உங்க கையில இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தா, ஐஜிஜியா ஐஜிஎம்மா, 1-ம் 2-ம் தனித்தனியா வந்திருக்கா, பக்கத்துல எண் எவ்வளவுன்னு பாருங்க. லேபுக்குப் போன் போட்டு, தட்டுல பூசினது ஜி-ஜியான்னு கேளுங்க. கிட்டோட வர்ற தாள்ல அது அச்சிட்டிருக்கும். நிஜமாவே புண் இருந்தா ரத்தம் வேண்டாம், அந்தப் புண்ணுல இருந்தே பஞ்சுல தொட்டு எடுத்து பிசிஆர் பண்ணச் சொல்லுங்க. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல முதல் தடவையா அந்தரங்க இடத்துல கொப்புளம் வந்தா மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. பிரசவத்துல குழந்தைக்குத் தொத்துற ஆபத்து அப்பதான் அதிகம், அதுக்கு அசைக்ளோவிர் மாத்திரை இருக்கு.