பெண்களின் புற்றுநோயும் டெலோமரேஸ் நொதியமும்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒன்றரை வருடம் இரத்தப்போக்கை மறைத்தாள். வெட்கமாய் இருந்தது என்று பிறகு சொன்னாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இந்த மண்டபத்தில் அவளுக்கும் ஒரு கதிரை இருந்திருக்க வேண்டும். அவளை நினைத்தே இந்த விடயத்தைத் தெரிந்தெடுத்தோம்.

தையல் வகுப்பில் ஓரத்திலே கொஞ்சம் துணி கூடுதலாக விடச் சொல்வார்களே, நினைவிருக்கிறதா? நூல் பிரிந்தாலும் அந்த ஓரந்தான் போகும், சட்டை தப்பும். நமது கலங்களிலுள்ள நிறமூர்த்தங்களின் நுனியிலும் அப்படியோர் ஓரம் உண்டு. அதன் பெயர் டெலோமியர். கலம் பிரியுந்தோறும் அது சிறிது குறையும். தீரும் தறுவாயில் கலம் பிரிவதை நிறுத்திவிடும். குறைந்த ஓரத்தை மறுபடி ஒட்டித் தைக்கும் நொதியமே டெலோமரேஸ். அதை முதலிற் கண்டவர்கள் இரு பெண்கள்: எலிசபெத் பிளாக்பேர்னும் அவரது மாணவி கரோல் கிரைடரும். சான்று கிடைத்தது 1984ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று! விடுமுறையிலும் ஆய்வுகூடம் போன பிள்ளை. 2009இல் ஜாக் சொஸ்டாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

உடலின் பெரும்பாலான கலங்களில் இந்நொதியம் உறங்கிக் கிடக்கும். கருப்பையின் உட்சுவர் ஒரு விலக்கு. மாதந்தோறும் அது புதிதாக வளரும்போது நொதியம் விழித்து, பின் அடங்கும். ஆகவே அங்கே அதைக் கண்டவுடன் புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது. சூலகப் புற்றுநோய்களிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களிலும் பெரும்பாலும் அது அடங்குவதேயில்லை. கருப்பைக் கழுத்தில் அதைத் தட்டியெழுப்புவது எச்.பி.வி. வைரசின் ஈ6 என்ற புரதம். 1951இல் பால்ட்டிமோரில் இதே நோயால் 31 வயதில் இறந்த ஹென்றியேற்றா லாக்ஸ் என்ற தாயின் கலங்கள், அவரைக் கேளாமலே எடுக்கப்பட்டவை, உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இன்றும் பிரிந்துகொண்டிருக்கின்றன.

டெலோமரேசை அடக்கும் மருந்து இந்நோய்களுக்கு இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. வைரசைத் தடுக்கும் ஊசி வந்துவிட்டது. 2017 முதல் நம் நாட்டுப் பாடசாலைகளில் 6ஆந் தரப் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். பேத்திமாரின் சம்மதப் படிவத்தில் கையொப்பமிடத் தயங்கும் தாய்மாரிடம் பேசுங்கள்.

ஊசிக் காலத்துக்கு முந்திய எங்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. பரிசோதனை இலவசம், சில நிமிட வேலை. போன கிழமை எங்கள் வகுப்பில் நாலு பேர் ஒன்றாகப் போனோம். ஒருத்தியை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த புதனும் நால்வருமாகவே போகிறோம்.