தேகப்பயிற்சியும் நல்வாழ்வும்



தேகப்பயிற்சி என்றதும் பெரியோர்கள் வாலிபர் பக்கமும், வாலிபர்கள் போட்டியிற் கிண்ணம் பெற்றவர் பக்கமும் திரும்பிப் பார்ப்பது நம்மிடையே வழக்கம். அது தங்கள் காரியமன்று என்பது இரு சாராருக்கும் உள்ளக் கருத்து. அக்கருத்துப் பொருந்தாது என்பதைச் சொல்லவே இன்று முன்வந்தோம்.

உடம்பின் நிலையாமையைப் பேசுவதிற் சைவர்களாகிய நாம் குறைவைப்பதில்லை. ஆயினும் திருமந்திரம் அருளிய திருமூலர் உடம்பை இகழாது காத்தலையும் ஞானநெறிக்கு வேண்டுவதாகவே கொண்டார். பிள்ளையார் சந்நிதியில் இடும் தோப்புக்கரணம் முழங்காலையும் இடுப்பையும் நன்கு மடக்கி எழும் அருமையான பயிற்சி. இந்நாளிற் சிலர் காதைத் தொட்டுத் தலையைச் சற்றே அசைத்துவிட்டு வருகின்றனர். விநாயகர் பொறுத்தருளலாம், முழங்கால் பொறுக்காது.

இருந்தபடியே காலங்கழித்தலின் கேட்டினை முதன்முதல் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் ஜெரி மொறிஸ் என்னும் ஆங்கில வைத்திய அறிஞர் ஒருவர். இலண்டன் மாநகரத்து இரட்டைத்தட்டு பஸ் ஊழியரைப் பற்றிய அவர்தம் ஆராய்ச்சி 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. சாரதி நாள் முழுதும் ஆசனத்தில் இருப்பார். கொண்டக்டரோ மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். வண்டி ஒன்று, பாதை ஒன்று. எனினும் இருதயநோய் கொண்டக்டர்களிடையே குறைவாகவும், வந்தவிடத்துக் கடுமை குறைந்ததாகவும் காணப்பட்டது.

“பாடசாலைக் காலத்தில் நாங்கள் ஓடாத ஓட்டமா?” என்பார் உண்டு. அவர்களுக்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹாவார்ட் சர்வகலாசாலையின் பழைய மாணவர் 16,936 பேரைப் பற்றிய ஆய்வினைப் பஃபென்பாகர் என்பவர் 1978இல் வெளியிட்டார். மாணவப் பருவத்தில் விளையாட்டு வீரராயிருந்து பின்னர் ஓய்ந்துவிட்டவர்க்கு அப்பழைய வீரம் இருதயத்தைக் காக்கவில்லை. இளமையில் விளையாடாதிருந்து பிற்காலத்தில் உழைக்கத் தொடங்கியவரோ பயன் பெற்றனர். தேகபலம் வங்கியிலிட்டு வட்டி வாங்கும் முதல் அன்று.

காரணம் எளிது. வேலை செய்யும் தசை குருதியிலுள்ள குளுக்கோசைத் தன்பால் இழுத்து எரிக்கிறது. அதனால் வரும் நன்மை இரண்டொரு நாள் நின்று மறைந்துவிடும். மீண்டும் உழைத்தால் மீண்டும் வரும். இது நமக்கு மிகவும் வேண்டிய செய்தி. பிற இனத்தவரிலும் குறைந்த உடற்பருமனிலேயே நீரிழிவு நம் தெற்காசிய மக்களைப் பற்றிக்கொள்கிறது. மெலிந்த தோற்றத்தை நம்பி இருந்துவிட முடியாது.

எவ்வளவு வேண்டும்? வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்பும், இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டுமென உலக சுகாதார தாபனம் 2020இல் விதித்தது. விரைந்து நடக்கையிற் பக்கத்திலுள்ளவரோடு பேச முடியவேண்டும், தேவாரம் பாட முடியாதிருக்க வேண்டும், அதுவே நடுத்தரம். சைக்கிள், நீச்சல், கிளித்தட்டு, தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தல் யாவும் கணக்கிற் சேரும். தைப்பொங்கலன்று உறுதிபூண்டு, அன்றே நூறு தண்டால் எடுத்து, மறுநாள் எண்ணெய் பூசிப் படுத்திருக்கும் வீரர்களை நாம் அறிவோம். உடம்பு சிறிது சிறிதாகவே பழகும். இடையில் ஓய்வும் கேட்கும்.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். நாள்தோறும் சைக்கிளிற் பாடசாலை சென்ற பிள்ளை, விவாகமானதும் அதனைத் தாழ்வாரத்திற் சாத்திவிடுகிறாள். வீட்டு வேலையே போதுமென்பார் அவ்வேலையை ஒரு கிழமை செய்து பார்ப்பாராக. அடுப்படியில் நாள் முழுதும் நிற்பதாற் களைப்பு வருமேயன்றி மூச்சுப்பலம் வராது. மாலையில் அரைமணி நேரம் அவளுக்கு விட்டுக்கொடுத்தல் வீட்டாரின் கடமை.

பெரியோர்களே, காலம் கடந்துவிட்டதென எண்ணற்க. பொஸ்ரன் நகரில் ஏறத்தாழ 90 வயதான சிலர் 8 வாரம் கால்களாற் பாரந்தூக்கிப் பழகியதிற் கால்வலிமை இருமடங்குக்கு மேலாயிற்று என்பது 1990இல் வெளியான முடிபு. கையூன்றாது கதிரையிலிருந்து எழுந்து மீண்டும் இருத்தலை நாளொன்றுக்குப் பத்துமுறை செய்து தொடங்கலாம். நடக்கையில் மார்பு நோவோ தலைச்சுற்றோ காண்பவர் வைத்தியரைக் கண்ட பின்னரே தொடங்குதல் வேண்டும்.