அஞ்சல் தலை கற்றுத் தரும் அயல்மொழி



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அஞ்சல் தலை சேர்க்கிறார்கள். படம் அழகாக இருக்கிறது என்று ஒட்டி வைக்கிறார்கள். அதில் உள்ள எழுத்தைப் படிப்பதில்லை. படித்தால் அந்தச் சிறு தாளே ஓர் அயல்மொழிப் பாடமாகும். இன்று ஜெர்மனி நாட்டு அஞ்சல் தலைகளை எடுத்துக் கொள்வோம்.

முதலில் ஒட்டிய தலையைப் பிரித்தெடுக்கும் முறை. உறையில் தலையைச் சுற்றிக் கொஞ்சம் தாள் விட்டுக் கத்தரியுங்கள். வெதுவெதுப்பான நீரில் மிதக்க விடுங்கள். பசை இளகித் தானே கழன்று வரும்; பிய்த்து இழுக்கக் கூடாது. படம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் உலர்த்தி, தடித்த புத்தகத்துக்குள் வையுங்கள். இக்காலத்து ஒட்டுத்தாள் தலைகள் நீரில் எளிதில் கழலாது. அவற்றை உறைத்தாளோடு கத்தரித்து வைப்பதே நல்லது.

இனி எழுத்தைப் பார்ப்போம். மேற்கு ஜெர்மனியின் பழைய தலைகளில் 'டொய்ச்ச புண்டெஸ்போஸ்ட்' என்றிருக்கும். 'டொய்ச்ச' என்றால் ஜெர்மானிய. 'புண்ட்' என்றால் கூட்டாட்சி. 'போஸ்ட்' என்றால் அஞ்சல். கிழக்கு ஜெர்மனியின் தலைகளில் டி, டி, ஆர் என்ற மூன்று எழுத்துகளைக் காணலாம். 1990 அக்டோபர் 3ஆம் நாள் இரு பகுதிகளும் ஒன்றாயின. 1995 முதல் தலைகளில் 'டொய்ச்லான்ட்', அதாவது ஜெர்மனி, என்று நாட்டின் பெயரே வருகிறது. ஆகவே எழுத்தைப் படித்தால் காலமும் தெரிகிறது.

உச்சரிப்பில் நம் பிள்ளைகள் செய்யும் பிழை ஒன்றுதான்: ஆங்கிலத்தைப் படிப்பது போலவே இதையும் படிப்பது. எழுத்து ஒன்றே ஆனாலும் ஒலி வேறு. இந்த விதிகளை மனத்தில் வையுங்கள். 'இ, யூ' சேர்ந்து வந்தால் 'ஒய்'. 'இ, ஐ' சேர்ந்து வந்தால் 'ஐ'. 'ஐ, இ' என மாறி வந்தால் நீண்ட 'ஈ'. 'டபிள்யூ' எழுத்து நம் வகரம். 'வி' எழுத்து பெரும்பாலும் 'ஃப'. பறவைக்கு 'ஃபோகெல்' என்று பெயர். 'ஜே' எழுத்து நம் யகரம். இளைஞர் பருவம் 'யூகென்ட்'. தொண்டையில் உரசும் ஓர் ஒலியும் உண்டு. மலாய் மொழியில் 'ஆகிர்' என்ற சொல்லில் கே, எச் சேர்ந்து தரும் ஒலியே அது. 'புத்தகம்' என்பதற்கான ஜெர்மன் சொல் அந்த ஒலியில்தான் முடிகிறது. மலாய் படித்த நம் பிள்ளைகளுக்கு அது புதிதன்று.

சொற்களைப் பெருக்கும் வழி இன்னும் எளிது. கடிதத்திற்கு 'ப்ரீஃப்'. அதனோடு 'மார்க்க' சேர்த்தால் 'ப்ரீஃப்மார்க்க', அஞ்சல் தலை. 'காஸ்டென்' என்றால் பெட்டி. 'ப்ரீஃப்காஸ்டென்' என்றால் தபால் பெட்டி. தபால், பெட்டி என்ற இரு சொற்களை நாம் இணைப்பது போலவே அவர்களும் இணைக்கிறார்கள். ஒரு சொல் தெரிந்தால் அதன் உறவுகளும் கூடவே வந்துவிடும்.

எண்களுக்கு 1923ஆம் ஆண்டுத் தலைகளைத் தேடுங்கள். அவ்வாண்டு ஜெர்மனியில் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. தலைகளில் 'டவ்ஸென்ட்' (ஆயிரம்), 'மில்லியோனென்' (பத்து இலட்சங்கள்), 'மில்லியார்டென்' (நூறு கோடிகள்) என்றெல்லாம் அச்சிட்டார்கள். 50 மில்லியார்டென் மார்க், அதாவது 5,000 கோடி மார்க், விலையிட்ட தலையும் வந்தது. பணத்தின் மதிப்புக் குறைந்தால் உழைப்பவன் கூலி என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடச் சிறந்த படம் வேண்டியதில்லை.

சில தலைகளில் 80 கூட்டல் 40 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அஞ்சல் கட்டணம்; இரண்டாவது அறப்பணிக்குச் செல்லும் நன்கொடை. பக்கத்தில் 'வோல்ஃபார்ட்' என்ற சொல்லைக் காணலாம். நல்வாழ்வு, பொதுநலம் என்பது பொருள்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழி எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். பத்துச் சொற்களால் வேலை கிடைத்துவிடாது, உண்மைதான். ஆனால் தெரியாத சொல்லைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் அவர்கள் பின்தங்குவதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம். விளையாட்டாக ஒரு புதிய மொழியை உரக்கச் சொல்லிப் பழகிய பிள்ளை, வகுப்பில் மலாயையும் ஆங்கிலத்தையும் சொல்லத் தயங்காது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஒரு ஜெர்மானியர். அவர் சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகினார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். வளர்ந்த மனிதர் மணலில் எழுத வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆகவே, ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் போதும். பக்கத்திற்கு ஒரு தலை. அதன் கீழே சொல், ஒலி, பொருள். வாரத்திற்கு இரண்டு சொற்கள். இரவு உணவுக்குப் பின் பிள்ளை படிக்கட்டும். தாயும் தந்தையும் கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் நூறு சொற்கள் உங்கள் வீட்டில் இருக்கும்.