அயர்லாந்தின் கிளேர் கடற்கரையில் கண்டவை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கற்றறிந்த பேராசிரியர்கள் பேசிச் சென்ற இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே சரக்குப் பிரிவில் எழுத்தராகப் பணிபுரியும் என்னையும் பேசப் பணித்த செயற்குழுவினர்க்கு நன்றி. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில், லிமரிக் நகரில் வேலை பார்க்கும் என் தமக்கை மகனின் அழைப்பின் பேரில் அயர்லாந்து சென்றிருந்தேன். அந்நகருக்கு அண்மையில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி நீண்டு கிடக்கும் கிளேர் மாவட்டத்தில் நான் கண்டவற்றைக் கூறுமாறு அன்பர்கள் பணித்தனர். கண்ட இடங்களை அடுக்கிச் சொல்லுதல் எளிது. அவ்விடங்கள் யாரால் இன்றளவும் நிலைத்து நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல விழைகிறேன்.

லிமரிக்கிலிருந்து மாவட்டத் தலைநகரான என்னிஸுக்கு ரயில் உண்டு. நம் அகலப்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர், அவர்களுடையது 1,600. என்னிஸ் நகரின் நடுவே உயர்ந்த தூண் ஒன்றின்மேல் டேனியல் ஓ கானலின் சிலை நிற்கிறது. கத்தோலிக்கர் தம் சமயத்துக்கு மாறான உறுதிமொழி கூறினாலன்றிப் பாராளுமன்றத்தில் அமர இயலாதிருந்த காலத்தில், 1828ஆம் ஆண்டு, கிளேர் மக்கள் கத்தோலிக்கரான அவரைத் தேர்ந்தெடுத்தனர். மறு ஆண்டே சட்டம் மாறிற்று. 1917இல் டி வலேராவை முதன்முதல் தேர்ந்தெடுத்து அனுப்பியதும் இம்மாவட்டமே. அவர் தலைமையில் 1937இல் இயற்றப்பட்ட அயர்லாந்து அரசியல் சட்டத்தைப் பின்பற்றியே நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் அமைந்தன. ஆகவே, முன்பின் அறியாத அவ்வூர்த் தெருவில் நின்றபோதும் எனக்கு அயலூர் என்ற எண்ணம் தோன்றவில்லை.

அடுத்து, மேற்குக் கடலோரத்தில் உள்ள மோஹர் செங்குத்துப் பாறைகள். கத்தியால் அறுத்தாற் போன்று, மிக உயர்ந்த இடத்தில் 214 மீட்டர் உயரத்துக்கு அவை கடலினின்று எழுகின்றன. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆற்று முகத்துவாரத்தில் மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதால் உண்டான பாறைகள் இவை. அவ்வடுக்குகளை இன்றும் கண்ணால் எண்ணலாம். பாறை இடுக்குகளில் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. 1835ஆம் ஆண்டில் கொர்னீலியஸ் ஓ பிரையன் என்னும் நிலக்கிழார், காண வருவோர்க்காகவே அங்கு ஒரு கோபுரம் எழுப்பினார். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து அரன் தீவுகள் தெரியும்.

மோஹருக்கு வடக்கே பர்ரன் என்னும் நிலப்பகுதி உள்ளது. பாறை நிலம் என்பதே அச்சொல்லின் பொருள். கண்ணுக்கெட்டிய தூரம் வெண்சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. முதற்பார்வையில் உயிரற்ற வெளி போலத் தோன்றும். குனிந்து பார்த்தாலோ, பாறை வெடிப்புகள் தோறும் மலர்கள்! பனிமலைகளில் பூப்பனவும், வெப்பமிகு மத்தியதரைக் கடற்புறத்தில் பூப்பனவும் அங்கே அருகருகே பூக்கின்றன. நான் சென்ற மே மாதத்தில் ஜென்ஷியன் என்னும் நீலப்பூ மலர்ந்திருந்தது. இவ்வழகுக்குக் காரணம் இயற்கை மட்டுமன்று, உழவர்களும் ஆவர். பிற நாடுகளில் கோடையில் மாடுகளை மலைமேல் ஏற்றுவர். பர்ரன் உழவர்களோ குளிர்காலத்தில் ஏற்றுகின்றனர். கோடை வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும் சுண்ணாம்புப் பாறை, குளிர்காலத்திலும் மாடுகள் படுக்கத் தக்க உலர்ந்த இடமாக உள்ளது. அவை முரட்டுப் புல்லை மேய்ந்துவிட்டு வசந்தத்தில் இறங்கியபின், சிறு மலர்கள் தடையின்றி வெளிவருகின்றன. மேய்ச்சல் நின்றால் அந்நிலத்தைப் புதர் மூடிவிடும்.

அப்பாறை வெளியின் நடுவே புல்னபுரோன் என்னும் கல்திட்டை நிற்கிறது. நிமிர்ந்த கற்களின்மேல் பெரும் பலகைக்கல்லைக் கிடத்தி அமைத்த ஈமச்சின்னம் அது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. 1985இல் அதன் கால் கல் ஒன்றில் வெடிப்புக் காணப்பட்டது. அதைச் சீர்படுத்தும் பொருட்டு அகழ்ந்தபோது, முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவற்றுள் பச்சிளங்குழந்தை ஒன்றின் எலும்பும் இருந்தது. அதனைக் கேட்டபின் அக்கற்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நிற்க. கிளேரின் பரந்த வெளியையும் அமைதியையும் வியந்து பேசிக்கொண்டிருந்தேன். அவ்வமைதிக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 2,86,000. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டது. பெரும் பஞ்சம் தொடர்ந்தது. 1851இல் எஞ்சியோர் ஏறத்தாழ 2,12,000. பசியால் மாண்டவர் போக, கப்பலேறிச் சென்றவர் பலர். அதன்பின்னும் தலைமுறை தலைமுறையாக மக்கள் வெளியேறினர். 2022ஆம் ஆண்டுக் கணக்கிலும் அங்குள்ளோர் 1,28,000 பேர் அளவினரே. கில்ரஷ் துறைமுகத்துக்கு எதிரே உள்ள ஸ்காட்டரித் தீவில் பழைய வட்டக் கோபுரமும் இடிந்த தேவாலயங்களும் உள்ளன. 1978இல் அங்கிருந்த கடைசிக் குடிகளும் வெளியேறிவிட்டனர். பிழைப்புத் தேடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, ஆளில்லா அத்தீவின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ரயில்வேக் குடும்பத்தார் நிறைந்த அவையில் மேற்குக் கிளேர் ரயில்வேயைக் கூறாது விடலாமா? மூன்றடிக் குறும்பாதையாக 1887இல் திறக்கப்பட்டு, 1892இல் கில்ரஷ், கில்கீ ஊர்கள் வரை நீண்டது அது. 1896இல் பெர்சி ஃபிரெஞ்ச் என்னும் பாடகர், வண்டி தாமதமானதால் கில்கீயில் தம் கச்சேரி கெட்டதென வழக்குத் தொடுத்து, பத்துப் பவுன் இழப்பீடும் பெற்றார். போதாக்குறைக்கு அவ்வண்டியைக் கேலி செய்து பாட்டும் கட்டிவிட்டார். நம் பயணிகளுள் பாடகர் மிகுதியாக இல்லாதது ஸ்டேஷன் மாஸ்டர்களின் நல்லூழ்! 1961ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளோடு அப்பாதை மூடப்பட்டது. 2015இல் நம் ஜபல்பூர்–நைன்பூர் குறும்பாதை வண்டிகள் நின்றபோது வருந்தினோம். எனினும் நமக்கு அகலப்பாதை வந்தது. கிளேர் மக்களுக்கோ தண்டவாளமே இல்லாமற் போயிற்று. ஆயினும் அவர்கள் மறக்கவில்லை. ஆர்வலர்கள் முயன்று மொயாஸ்டாவில் சிறிது தூரம் மீண்டும் பாதை இட்டனர். என்னிஸ் நிலையத்தில் பல்லாண்டுகள் காட்சிப் பொருளாக நின்ற ‘ஸ்லீவ் காலன்’ என்னும் 1892ஆம் ஆண்டு நீராவி எஞ்சின், பழுது நீக்கப்பெற்று 2009இல் அங்கு வந்து சேர்ந்தது.

அன்பர்களே, மாட்டை மலையேற்றும் உழவரும், வெடித்த கல்லைக் கவனித்தவரும், பழைய எஞ்சினைப் பழுது பார்த்தவரும் இலராயின், கிளேரில் காணத்தக்கவை பாதியாகக் குறைந்திருக்கும். போனவர்கள் போக, இருப்பவர்கள் காத்தனர். ஆகவே நாம் காண்கிறோம். வரும் விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது கோயிலையும் குளத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுவீர்கள். அவற்றைப் பேணி வருபவர் யார் என்பதையும் காட்டுங்கள். அவரிடம் பிள்ளைகளைச் சற்று நேரம் பேச விடுங்கள். இயன்றால் அவர் பணிக்கு ஒரு கை கொடுங்கள்.