சிறுநீர்க் குப்பியில் ஒரு நாள் உழைப்பு

ஒரு மனிதர் நாள் முழுக்க எத்தனை கலோரி செலவழிக்கிறார் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம். ஆளை ஓர் அறையில் உட்காரவைத்து, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்தால் போதும். மான் சுவட்டைப் பிடித்துப் புதருக்குள் போகிறவரை எந்த அறையில் உட்காரவைப்பது?

மானிடவியலாளர்கள் நெடுங்காலம் நோட்டுப் புத்தகத்தைத்தான் நம்பினார்கள். நடந்தது இவ்வளவு நேரம், தோண்டியது இவ்வளவு நேரம் என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலோரி மதிப்புப் போட்டுக் கூட்டினார்கள். மூச்சுக் காற்றைப் பிடித்துவைக்கும் டக்ளஸ் பை 1911இலேயே வந்துவிட்டது. ஆனால் அதை முதுகில் மாட்டிக்கொண்டு யார் வேட்டைக்குப் போவார்?

வழி பிறந்தது தண்ணீரில். 1955இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நேதன் லிஃப்சன் குழுவினர் சுண்டெலிகளிடம் செய்துகாட்டிய முறை இது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான ஐசோடோப்புகள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். கதிரியக்கம் கிடையாது. உடம்பை ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் வெளியேற ஒரே குழாய்தான்: சிறுநீர், வியர்வை என்று நீராகத்தான் போகும். ஆக்சிஜனுக்கு இரண்டு குழாய்: நீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். ஆகவே ஆக்சிஜன் சீக்கிரம் குறையும். சில நாள் விட்டு எடுத்த சிறுநீரில் இரண்டும் குறைந்த வேகத்தை ஒப்பிட்டால் கரியமில வாயுவின் அளவு தெரியும், அதிலிருந்து கலோரி. மனிதர்களிடம் இதைச் செய்துபார்க்க 1982 ஆயிற்று. கனமான ஆக்சிஜனின் விலை அப்படி!

மானிடவியலாளர் ஹெர்மன் போன்ட்ஸரின் குழு இந்த முறையை வடக்குத் தான்சானியாவில், ஏயாசி ஏரிப் பக்கம் வாழும் ஹாட்ஸா மக்களிடம் கொண்டுபோனது. கிழங்கு தோண்டி, தேனெடுத்து, வில்லால் வேட்டையாடி உண்பவர்கள். 30 பேரை அளந்தார்கள். ஆண்கள் நாளுக்குச் சராசரியாக 11 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். பெண்கள் ஏறக்குறைய 6. முடிவு 2012இல் வெளிவந்தது. உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், அவர்களுடைய மொத்தச் செலவு அமெரிக்க, ஐரோப்பிய மக்களுடையதைப் போலவேதான் இருந்தது!

அவர்கள் சிக்கனமாக நடக்கிறார்களோ என்றும் பார்த்தார்கள். இல்லை, நடைக்கு ஆகும் செலவும் நம்மைப் போலத்தான். அப்படியானால் உடம்பு வேறெங்கோ குறைத்துக்கொள்கிறது. நோட்டுப் புத்தகக் கூட்டல் சறுக்கியது இங்கேதான் என்பேன். வேலைகளை எழுதலாம், உடம்பு உள்ளுக்குள் எதை விட்டுக்கொடுத்தது என்று யார் எழுதுவது?

ஈக்வடாரின் அமேசான் பகுதியில் வாழும் ஷுவார் சிறுவர்களை இதே முறையில் அளந்த ஆய்வு 2019இல் வந்தது. அவர்களுடைய மொத்தச் செலவும் தொழில்வள நாட்டுப் பிள்ளைகளுக்குச் சமம்தான். ஆனால் சும்மா இருக்கும்போது ஆகும் செலவு மட்டும் சுமார் 20 சதவீதம் கூடுதல். நோய்த்தொற்றை எதிர்க்கவே அது போகிறது, அதனால் வளர்ச்சிக்கான பங்கு குறைந்து பிள்ளைகள் உயரம் குறைவாக வளர்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.