முட்டைக்குள் கட்டுச்சோறு



முட்டையிடும் கோழியை அறுத்துச் சுத்தம் செய்தவர்கள், அதன் முதுகெலும்பை ஒட்டிக் கொத்தாகத் தொங்கும் மஞ்சள் உருண்டைகளைப் பார்த்திருப்பார்கள். ஒன்று முழு அளவில் இருக்கும். அடுத்தது சற்றுச் சிறியது, அதற்கடுத்தது இன்னும் சிறியது. கடைசியில் வெளிறிய பொடிமணிகள். அடுத்தடுத்த நாட்களில் இட வேண்டிய முட்டைகளின் மஞ்சள் கரு அப்படி வரிசைகட்டி நிற்கிறது.

பார்த்தால் அந்த இடத்திலேயே ஊறி வளர்வதுபோல் தோன்றும். உண்மையில் அந்த மஞ்சளின் பெரும்பகுதி கல்லீரலில் தயாராகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தூண்டியதும் கல்லீரல் புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்துக் கட்டி இரத்தத்தில் விடுகிறது. முட்டையிடும் கோழியின் இரத்தநீர் பால்போலக் கலங்கியிருப்பது இதனால்தான். கரு உருண்டை தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து வாங்கிக்கொண்டு, கடைசி ஒரு வாரம், பத்து நாளில் மளமளவென்று பெருக்கிறது.

இப்படி வந்து சேரும் புரதங்களில் முக்கியமானது விட்டெல்லோஜெனின். மீன், தவளை, ஆமை, பறவை என முட்டையிடும் உயிர்கள் பலவற்றிலும், பெரும்பாலான பூச்சிகளிலும் இதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. பூச்சிக்குக் கல்லீரல் கிடையாது. அதன் வயிற்றுத் தோலுக்கு உள்ளே பரவியிருக்கும் கொழுப்புத் திசுதான் அந்த வேலையைச் செய்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவைப் பாருங்கள். பெண் கொசு மட்டுமே கடிக்கும் என்பது தெரிந்த செய்தி. பறக்கவும் திரியவும் வேண்டிய சக்தியை ஆண், பெண் இரண்டும் பூந்தேன் போன்ற இனிப்புச் சாறுகளிலிருந்தே பெறுகின்றன. பெண்ணுக்கு இரத்தம் வேண்டியிருப்பது முட்டைக்குக் கரு சேர்க்க. வயிறு புடைக்கக் குடித்த இரத்தத்தின் புரதம் குடலில் உடைந்து அமினோ அமிலங்களாகிறது. அதுவரை சும்மா இருந்த கொழுப்புத் திசு விழித்துக்கொண்டு விட்டெல்லோஜெனினை உருவாக்கித் தள்ளுகிறது. ஏறத்தாழ மூன்றே நாளில் நூறு முட்டைகள் வரை தயார். நம் கையிலிருந்து போன இரத்தம் கொசுவின் மஞ்சள் கருவாக மாறிவிட்டது!

முட்டைக்குள் அந்தப் புரதம் நுழைவது எப்படி? 1964-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் இருவரும் இதே கொசுவின் சூலகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். வளரும் முட்டையின் மேற்பரப்பெங்கும் நுண்ணிய குழிகள் தெரிந்தன. இரத்தம் குடித்த ஏழு மணி நேரத்துக்குள் அவை பதினைந்து மடங்கு பெருகி, ஒரு முட்டைக்குச் சுமார் 3 லட்சம் குழிகள் ஆகியிருந்தன. புரதம் குழியில் வந்து ஒட்டுகிறது. குழி உள்நோக்கி மடிந்து, சிறு பையாகக் கழன்று உள்ளே போகிறது. மனித உயிரணுக்கள் கொலஸ்ட்ராலை உள்ளே இழுத்துக்கொள்வதும் இதே வகைக் குழிகளின் வழியாகத்தான். அதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொசுவின் முட்டையில் இதை முன்பே பார்த்தவர்களையும் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இப்படிச் சேர்ந்த கரு, வெளியே வரும் உயிருக்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. ஏடிஸ் முட்டைக்குள் சில நாட்களிலேயே புழு முழுதாக வளர்ந்துவிடும். தண்ணீர் இல்லையென்றால் வெளியே வராமல், மிச்சமிருக்கும் கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழித்து மாதக்கணக்கில் காத்திருக்கும். தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, முட்டைகள் ஒட்டியிருக்கும் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கோழிக்குஞ்சு இந்தக் கட்டுச்சோற்றை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. 21 நாள் அடைகாப்பு முடியும் தறுவாயில், மிஞ்சிய மஞ்சள் கருவைப் பையோடு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. பொரித்த பிறகும் ஓரிரு நாள் அதிலேயே தாக்குப்பிடிக்கும். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டிகளில் அடைத்துத் தீவனமில்லாமல் வெளியூர் அனுப்ப முடிவது இதனால்தான்.

தேனீக் கூட்டில் விட்டெல்லோஜெனினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெரும்பாலும் முட்டையே இடாத வேலைக்காரத் தேனீக்களும் விட்டெல்லோஜெனினை உருவாக்குகின்றன. அதைக் கொண்டு தலையிலுள்ள சுரப்பிகளில் கூழ் தயாரித்துப் புழுக்களுக்கு ஊட்டுகின்றன.

மனிதருக்கும் இதில் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் பிராவண்ட், வாலி, கேஸ்மன் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, கோழியிடம் வேலை செய்யும் விட்டெல்லோஜெனின் மரபணுக்களின் சிதைந்த எச்சங்கள் மனித மரபணுத் தொகுதியில் இன்னும் கிடப்பதைக் காட்டியது. பாலூட்டிகளின் முன்னோரிடம் பால் சுரக்கத் தொடங்கிய பின்னரே அந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன என்பது அவர்கள் முடிவு. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் என்ற பாலூட்டியிடம் அவற்றில் ஒன்று இன்றும் வேலை செய்கிறது. அது முட்டையும் இடுகிறது, பொரித்த குஞ்சுக்குப் பாலும் கொடுக்கிறது.