ரத்தம் ஊறும் சாப்பாடும் சாயத்தண்ணியும்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? அன்றைக்குக் கொழுந்து கிலோ குறையும். குறைந்தால் அரைப்பேர். சோம்பேறி என்ற ஏச்சு வேறு. அது சோம்பல் இல்லை. பல நேரம் ரத்தக்குறைவு. பாடசாலையிலும் பார்க்கிறோம். காலைக் கூட்டத்தில் நிற்க முடியாமல் பெரிய பெண்பிள்ளைகள் சாய்ந்து விடுகிறார்கள்.

ஒரு டெசிலீட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமும் கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் குருதிச்சோகை.

பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை, எள்ளு, ஆட்டீரல் என்று நம் பாட்டிமார் சொன்ன கைவைத்தியத்தில் உண்மை இருக்கிறது. பீட்ரூட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதன் சிவப்பு வெறும் சாயம், இரும்புச்சத்து கொஞ்சம்தான். ஈரல், இறைச்சி, மீன், நெத்தலிக் கருவாடு இவற்றின் இரும்புதான் உடம்பில் சுலபமாகச் சேரும். கர்ப்பிணிகள் ஈரலை மட்டும் அளவோடு சாப்பிட வேண்டும். கீரை, பருப்பு, கௌப்பியின் இரும்பு லேசில் சேராது. சட்டியை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிந்தால், அல்லது கூடவே ஒரு கொய்யாப்பழம் தின்றால், கூடுதலாகச் சேரும். பழைய இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு இறங்கும்.

இனிச் சொல்வது நமக்குக் கொஞ்சம் கசக்கும். ரொட்டியும் சம்பலும் தின்ற கையோடு சாயத்தண்ணி குடிக்கிறோம். தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பாதிக்கு மேல் வீணாகலாம். நாம் பறிக்கிற கொழுந்தே நம் ரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. இந்தக் குளிருக்கு அது வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னே, ஒரு மணி நேரம் பின்னே குடியுங்கள். சோற்றோடு கொதித்தாறின தண்ணியே போதும்.

ரத்தம் நன்றாகக் குறைந்த பிறகு கீரை மட்டும் கைகொடுக்காது. குளிசை வேண்டும். மருத்துவமாது தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடோ, பாலோடோ, கல்சியம் குளிசையோடோ போடாதீர்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், குளிசையால்தான். வயிற்றைப் புரட்டினால் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். குளிசையை ஒளித்துவைத்தால் நட்டம் நமக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும்தான்.

இன்னொன்று கொக்கிப்புழு. வெறுங்காலில் தொற்றி, குடலில் இருந்து ரத்தம் குடிக்கும். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இதற்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்து புழுவைக் கொன்றது. மலசலகூடம் இல்லாத இடங்களில் புழு திரும்பி வந்தது. நூறு வருடம் கழித்தும் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒதுங்க இடம் எங்கே என்று நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே தோழர்களே, இது அடுப்படி விசயம் மட்டுமல்ல. தேசிக்காய் பிழிவது நம் கையில். நெத்தலியும் முட்டையும் வாங்குவது சம்பளத்தின் கையில். அதனால்தான் கேட்கிறோம்: தோட்டத்திலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும். கிளினிக் போகும் நாளில் பேர் வெட்டக் கூடாது. மலையில் மலசலகூடம் வேண்டும். லயத்துப் பக்கத்தில் கீரை போட ஒரு துண்டு நிலம் வேண்டும்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் மீன் துண்டு யார் தட்டில் விழுகிறது? கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்குச் சட்டியில் குழம்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. இன்றைக்கு ராத்திரி அவளுக்கு முதலில் போடுங்கள். அதற்குத் துரையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.